மூன்றாம் லைன் அக்கா

அந்த அக்காவின் கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு, பொருட்காட்சி பார்க்க வந்தவர் மாதிரி லைன் ஓரமாக நடந்துகொண்டிருப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவரைப் பார்த்துவிட்டு, இந்தம்மாவுக்குச் சம்பளம் கொடுத்து வாக்கிங் போகச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து லைன் லீடர்கள் அப்படி இல்லை. ஒரு பெண் தடுமாறினால் பாய்ந்து வந்து வயரைப் பிடுங்கித் தாங்களே மாட்டிவிட்டு, "கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வேலையும் முடிந்துவிடும், அந்தப் பெண்ணும் முடிந்துவிடுவாள்.

"கைய வெச்சா அது என் வேலையாப் பூடும். அப்புறம் அவ இன்னாத்துக்கு?" என்பார் அக்கா.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரைக் கேட்காமல் இதை எழுதுகிறேன். ஒருத்தரைக் கேட்காமல் அவர் விஷயத்தில் எதையும் செய்வது அவருக்கு ஆகவே ஆகாது.

காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து கொடுக்கிற கம்பெனி அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சுற்றிலும் இரும்பு உருக்கும் ஆலைகள். துணி காயப்போட்டால் கருப்பாகத்தான் எடுக்க வேண்டும். எங்கள் கம்பெனி மட்டும் உள்ளே ஏசி, பச்சைப் பெயின்ட் அடித்த தரை என்று ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். பெரிய பலகைகள் வரிசையாக நகர்ந்து வரும். பலகை நமக்கு முன்னால் வந்து நிற்கிற நேரத்துக்குள் நம் பங்கு வயர்களை அதில் பதித்து, முனைகளை கனெக்டரில் சொருக வேண்டும். அப்புறம் அது பக்கத்துப் பெண்ணிடம் போய்விடும். மூன்றாம் லைனில் நாங்கள் பதினாறு பேர். பதினாறும் காண்ட்ராக்ட். அக்கா மட்டும் பர்மனென்ட்.

எனக்குக் கொடுத்த வேலை, ஆறு வயர்களை ஒரு கறுப்பு கனெக்டரில் சொருகுவது. மூன்று நாள் ஆகியும் நாலாவது வயருக்குள் பலகை நகர்ந்துவிடும். பக்கத்தில் நிற்கும் மேரிதான் தன் வேலையோடு சேர்த்து என் மிச்ச இரண்டையும் சொருகிவிடுவாள். மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா வந்து பின்னால் நின்றார். திட்டு விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"எங்க இடிக்குது?"

"தெரியல அக்கா. எனக்குக் கை வரல."

"கையெல்லாம் வருது. எங்க இடிக்குதுன்னு நீ இன்னா சொல்றே?"

நான் என்ன சொல்வது? இரும்புக்கடை வாசலில் நின்ற ஆடு மாதிரி முழித்தேன். அவர் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். நான்கு பலகை போனது. ஐந்தாவது பலகையில்தான் எனக்கே தெரிந்தது. நான் இடது கைக்காரி. வயர் டப்பா வலது பக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் உடம்பைத் திருகித் திருகி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த டப்பா அந்தாண்ட இருந்தா..." என்று இழுத்தேன்.

"அப்போ அந்தாண்ட வெய்யி."

"நானேவா?"

"பின்ன நானா? நாள் பூரா அங்க நிக்கப் போறது நீயா நானா?"

டப்பாவை நகர்த்தினேன். சாயங்காலத்துக்குள் ஆறு வயரும் சொருகிவிட்டு அடுத்த பலகைக்குக் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் குழம்புக்குக் கத்தரிக்காயா முருங்கைக்காயா என்றுகூட என்னை யாரும் கேட்டதில்லை. எளாவூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. வீட்டுக்குப் போய் இந்தக் கதையை என் கணவரிடம் மூன்று தடவை சொன்னேன். லோடு ஏற்றும்போது முதுகில் அடிபட்டு அவர் அப்போதே படுக்கையோடு இருந்தார். "ஒரு டப்பாவ நவுத்துனதுக்கா இவ்ளோ பேச்சு?" என்றார். அவருக்கு எப்படிப் புரியும்!

'நீ இன்னா சொல்றே?' என்பதைத் தவிர அந்த அக்காவுக்கு வேறு வசனம் தெரியாதோ என்று கேலி செய்வோம். எதைக் கொண்டுபோனாலும் அதே கேள்விதான். டேப் ஒட்டவில்லையா, நீ இன்னா சொல்றே? பாத்ரூம் போக யார் முதலில், நீங்க இன்னா சொல்றீங்க? தேவகி எங்களில் மூத்தவள், வாய் நீளம். அவள் ஒருநாள், "அக்கா, தலவலி தாங்கல. இன்னா மாத்தர போடலாம்னு நானே சொல்லணுமா?" என்று கேட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "முன்னாடி எது கேட்டுது உனக்கு?" என்றார்.

லைனுக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு போகும். இழுத்தால் லைன் மொத்தமும் நின்றுவிடும், சிவப்பு விளக்கு எரியும், ஆபீஸ் அறைவரைக்கும் மணி அடிக்கும். மற்ற லைன்களில் லீடரைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. எங்கள் லைனில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் இழுக்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். சொல்லி என்ன, யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒருநாள் மேரி இழுத்துவிட்டாள். வயர் நிறம் மாறி வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். மாறவில்லை, விளக்கு வெளிச்சத்தில் அப்படித் தெரிந்திருக்கிறது. இருபது நிமிஷம் வேலை நின்றது. புரொடக்‌ஷன் மேனேஜர் ஓடி வந்து, "யார் இழுத்தது?" என்று கத்தினார். "நான் இழுக்கச் சொன்னேன் சார்" என்றார் அக்கா. அவர் போகிறவரைக்கும் எல்லா வசவையும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அப்புறம் மேரியிடம் வந்தார்.

"மறுபடியும் டவுட்டு வந்தா இழுப்பியா?"

"ஐயோ, ஜென்மத்துக்கும் மாட்டேங்க்கா."

"அப்போ இன்னிக்குப் போன இருபது நிமிஷமும் தண்டமாப் பூடுச்சு."

இரண்டு வாரம் கழித்து மேரி மறுபடியும் இழுத்தாள். அந்தத் தடவை ஒரு முழுப் பெட்டி வயரும் தப்பு. அவள் நிறுத்தியிராவிட்டால் அன்றைய வேலை பூராவும் குப்பைக்குப் போயிருக்கும். மேனேஜர் வந்து அக்காவுக்குக் கை கொடுத்தார். அக்கா அந்தக் கையை அப்படியே மேரி பக்கம் திருப்பிவிட்டார். மேரி கிளவுஸைக் கழற்றாமலே கை கொடுத்துவிட்டு, வெட்கத்தில் நாலு வயரைக் கீழே போட்டாள்.

ஒருமுறை கம்பெனி பஸ் பஞ்சராகி எளாவூருக்கு முன்னால் நின்றுவிட்டது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஏதோ கிராமம். நெல் விளைகிற நிலமெல்லாம் இருந்த குடும்பம்.

"எனக்குக் கண்ணாலம்னு எனக்கு எப்போ தெரியும் தெரியுமா?" என்று அவரே ஆரம்பித்தார். "ஸ்கூல் உட்டு வரேன், ஊட்டு வாசல்ல பந்தல் போட்டுகினு கீறாங்க. யாருக்குப்பான்னு பந்தல்காரர்கிட்ட கேட்டேன்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு, "எங்க நைனா நல்லவருதான். என்னை ஒரு வார்த்த கேக்கணும்னு அவருக்குத் தோணவே இல்ல" என்றார். கல்யாணம் எத்தனை வருஷம் நின்றது, ஏன் உடைந்தது என்றெல்லாம் சொல்லவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார் என்பது மட்டும் தெரியும்.

மாதம் ஒரு நாள் கேன்டீனில் திரை கட்டி, மேனேஜர் படம் போட்டுப் பேசுவார். 'இது என் கம்பெனி என்று ஒவ்வொருவரும் நினைக்க வேண்டும்' என்பது அவருக்குப் பிடித்த பேச்சு. "அப்போ தீபாவளிக்கு நாலு நாள் மூடிடலாமா சார்?" என்று தேவகி கேட்க, கேன்டீனே சிரிக்கும். மேனேஜரும் சிரிப்பார். அக்கா மட்டும் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். அதையெல்லாம் அவர் நிஜமென்று நம்பினார். பாவமாக இருக்கும். அப்படி நம்புகிற ஒருத்தருக்குக் கீழே வேலை பார்க்கிறோம் என்று பெருமையாகவும் இருக்கும்.

நான் சேர்ந்து நாலாவது வருஷம் அந்த வாரம் வந்தது. நாங்கள் வயர் செய்துகொண்டிருந்த கார் மாடலின் விற்பனை குறைந்துவிட்டது. லைனுக்கு நாலு பேரைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மற்ற லீடர்கள் நாலு பேரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ஆபீஸ்ல தூக்கிட்டாங்க, நான் இன்னா பண்றது" என்று உச்சுக் கொட்டினார்கள். எங்கள் அக்கா அப்படிச் செய்யவில்லை. செய்திருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பதினாறு பேரையும் பேக்கிங் பக்கம், அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிப்போனார்.

"நாலு பேரு போவணும். வெள்ளிக்கெழம மத்தியானத்துக்குள்ள பேர் குடுக்கணும். 'உன் ஆளுங்கள உன்னவிட யாருக்குத் தெரியும், முழு அதிகாரமும் உனக்குத்தான்'னு சார் சொல்லிட்டாரு."

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வீட்டில் படுத்திருக்கிறவர் முகம். அப்புறம் என் மகளின் பள்ளிக்கூட யூனிஃபார்ம். என் சம்பளத்தை எடுத்துவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

தேவகிதான் கேட்டாள். "பதினாறு பேரும் மாத்தி மாத்தி லீவு போட்டா? ஆளுக்கு ரெண்டு நாள் கம்மியா வந்தா?"

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் காத்திருந்தது அந்த மாதிரி ஒரு வார்த்தைக்குத்தான். அப்போதே ஆபீசுக்கு ஓடினார். செவ்வாய்க்கிழமையும் போனார். காண்ட்ராக்டில் அப்படி இடமில்லை, தலைக் கணக்குதான் முக்கியம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை மறுபடியும் எங்களைப் பெட்டிகளுக்கு நடுவில் நிறுத்தினார். கண் உள்ளே போயிருந்தது.

"கேட்டுப் பாத்துட்டேன். ஆவாதுன்னுட்டாங்க. என் கண்ணாலத்த எனக்குத் தெரியாமப் பேசுன மாதிரி, உங்க பேர உங்களுக்குத் தெரியாம நான் எழுத மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க. யாரு ஊட்ல வேற வழி கீதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கெழம ஆளுக்கு ஒரு சீட்டு தரேன். வேற வழி கீற ஒருத்தி பேர எழுதுங்க. எழுதுனவங்க பேர் வாணாம்."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு வருஷமாக எதற்கும் எங்களைக் கேட்டவர், இதற்கும் கேட்கிறார். அவ்வளவுதானே!

அவ்வளவு இல்லை என்பது மறுநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் தெரிந்தது. நாலு வருஷமாக அந்த மேஜையில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக் கதையை எல்லாம் கொட்டியிருக்கிறோம். யார் புருஷனுக்கு எங்கே வேலை, யார் தம்பி வெளிநாட்டில், யாருக்கு மாமியார் பேரில் வீடு, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். சந்தோஷமாகச் சொன்னதெல்லாம் இப்போது சாட்சியாக வந்து நின்றது. தினமும் அவித்த முட்டை கொண்டுவருகிற ஒருத்தி அன்றைக்கு வெறும் ஊறுகாய் கொண்டுவந்தாள். ஒருத்தி கம்மலைக் கழற்றிவிட்டு ஈர்க்குச்சி சொருகிக்கொண்டு வந்தாள். தேவகி தன் மகனுக்கு வேலை போய்விட்டது என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இருந்த இல்லாமை போதாதென்று, இல்லாததுபோல் வேறு நடித்தோம். நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கு கசக்கிறது.

மற்றவர்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அதற்குப் பத்து நாள் முன்பு மேரி என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். சும்மா இருந்த அவள் வீட்டுக்காரருக்குக் காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் வெல்டிங் வேலை கிடைத்திருந்தது. "யார் கைலயும் சொல்லாத சுமதி, கண்ணு பட்டுடும்" என்றாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். பஸ்ஸில் நாலு வருஷமாக ஒரே சீட்டில் வருகிறவர்கள் நாங்கள்.

புதன்கிழமை சாயங்காலம் கை கழுவுகிற இடத்தில் அதைத் தேவகியிடம் சொல்லிவிட்டேன். தேவகியிடம் சொன்னால் போதும் என்று தெரிந்துதான் சொன்னேன். என் பேர் யார் மனசிலும் வரக் கூடாது என்றால் வேறு ஒரு பேர் வர வேண்டும், இல்லையா? அதற்கப்புறம் பஸ்ஸில் மேரி பக்கத்தில் உட்கார முடியவில்லை. முதுகு வலி, முன் சீட்டுதான் வசதி என்று சொல்லி டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். வியாழக்கிழமை மேரி இரண்டு தடவை எழுந்து வந்து, "இன்னாடி ஆச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பெட்டியில் ஒட்டுகிற வெள்ளை லேபிள்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார் அக்கா. நான் பெட்டியின் மேல் வைத்து, இடது கையால் மறைக்க முடியாமல், வலது கையால் மறைத்து, மேரி என்று எழுதினேன். இரண்டே எழுத்து. மடித்து அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா தனியாகப் போய்ப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தார். கையில் ஒரு காகிதம். நாலு பெயர்களைப் படித்தார். மூன்றாவதாக மேரி. படிக்கும்போதே அவர் குரல் தேய்ந்தது. வேலையில் எங்களில் முதல் ஆள் மேரிதான் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் கேட்டுவிட்டாரே. கேட்டுவிட்டு அப்புறம் மாற்றினால் அவர் அக்கா இல்லையே.

மற்ற மூன்று பேரும் அழுதார்கள். மேரி அழவில்லை. நேராக அக்கா முன்னால் வந்து நின்றாள்.

"உங்க வாயால சொல்லுங்கக்கா. நான் போவணுமா?"

அக்கா காகிதத்தை மடித்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆபீஸ்ல தூக்கியிருந்தா ஆபீஸத் திட்டிட்டுப் போயிருப்பேன். நீங்க எழுதியிருந்தா உங்களத் திட்டியிருப்பேன். இப்போ நான் யாரத் திட்டுறது? கூட நின்னு சோறு துன்னவங்களயா? இவங்கள்ல யாரு யாருன்னு ஊட்ல போய் ஒவ்வொரு மூஞ்சியா நெனச்சுப் பாத்துகினு கெடக்கணுமா நான்?"

அக்காவின் கைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து அவிழ்ந்து பக்கவாட்டில் தொங்கின. எங்கே வைப்பது என்று அவற்றுக்கே தெரியவில்லை. மேரி தன் ஏப்ரனைக் கழற்றி மடித்து, மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

மிச்சம் பன்னிரண்டு பேர். பதினாறு பேர் செய்த வேலையைச் செய்தோம். யாரும் யாரிடமும் பேசுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு மூலை. மஞ்சள் கயிற்றை யாரும் தொடுவதில்லை. இழுத்தால் நம் மேல் கண் விழும், அடுத்த சீட்டில் நம் பேர் வரும் என்று பயம். அக்கா வந்து ஏதாவது கேட்டால், "நீங்களே சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிடுவோம். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் அடி வாங்கியது போல ஆகும். எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அடுத்த மாதக் கேன்டீன் கூட்டத்தில் மேனேஜர் திரையில் அக்காவின் போட்டோவைப் போட்டார். மற்ற லைன்களில் ஆட்குறைப்பால் சண்டை, அழுகை, யூனியன் பேச்சு எல்லாம் வந்ததாம். மூன்றாம் லைனில் ஒரு சத்தமும் இல்லையாம். "இதுதான் எம்பவர்மென்ட். முடிவெடுக்கிற அதிகாரத்தை இவங்க தொழிலாளர்கள் கையிலேயே குடுத்தாங்க. இனிமே எல்லா லைன்லயும் இப்படித்தான்" என்றார். கை தட்டச் சொன்னார். ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாக நீட்டினார்.

அக்கா எழுந்து போனார். கடிகாரத்தை வாங்கவில்லை.

"சார், நான் ஒண்ணு சொல்லணும். அது அதிகாரம் குடுத்தது இல்ல சார். நாலு பேர எழுத எனக்கு தில்லு இல்ல. பயந்துட்டேன். பதினாறு பேரு தலையில கட்டிட்டேன். அத்த போய் எல்லா லைன்லயும் பண்ணாதீங்க சார். உங்களக் கும்புட்டுக் கேக்கிறேன்."

நிஜமாகவே கும்பிட்டார். மேனேஜர் சிரித்தபடியே, "பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்!" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தை அவர் நாற்காலியின் மேல் வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அன்று ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது அக்கா என்னிடம் வந்தார்.

"மேரி ஊடு உனக்குத் தெரியும்ல? ஞாயித்துக்கெழம என்னைக் கூட்டிகினு போறியா?"

என்னை ஏன் கேட்டார் என்று அப்போது யோசிக்கவில்லை. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பெத்திக்குப்பத்தில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற தெரு. பூசை முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். மேரி கதவைத் திறந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகம் இறுகியது. பின்னால் நின்ற என்னைப் பார்த்ததும், "வாடி" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். உள்ளே அவள் வீட்டுக்காரர் பாயில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று நினைத்தேன். எங்களைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்னுதும்மா. நான் சொல்ல வேண்டியத உங்கள சொல்ல வெச்சேன். இத்த உன் எதிர்ல சொல்லணும்னுதான் வந்தேன்" என்றார்.

மேரி டீ டம்ளர்களை எங்கள் முன்னால் வைத்தாள். "நான் யார் பேரயும் எழுதல. வெள்ளச் சீட்டாவே குடுத்துட்டேன். வேற வழி கீதுன்னு என்னை எழுதியிருக்காங்க. இன்னா வழி? இவருக்கு அந்த வேல எட்டே நாள். கப்பல் வேல முடிஞ்சிதுன்னு அந்தச் செவ்வாக்கெழமயே அனுப்பிட்டாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உன் கைல சொல்லலாம்னு வந்தேன்டி. அந்த வாரம்தான் உனக்கு முதுகு வலி, முன்னாடி சீட்டுல போய் கண்ண மூடிகினே. சரி, உனக்கே ஆயிரம் பேஜாரு, எதுக்குன்னு உட்டுட்டேன்." என் மகளுக்கு என்று இரண்டு கேக் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்தாள். "அந்த லைன்ல உன்னத் தவிர ஒரு மூஞ்சியும் பாக்கப் புடிக்கல எனக்கு."

டீ ஆறிப்போனது. குடித்தேனா என்று நினைவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். வெயில் ஏறியிருந்தது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. இனிமேல் தாங்காது என்று ஆனபோது சொல்லிவிட்டேன். "அக்கா, அவ பேர எழுதுனது நான். வேல கெடச்சத எல்லாருக்கும் சொன்னதும் நான்."

"எழுதுனது தெரியும்" என்றார். "நாலு வருஷமா தெனமும் நீ எழுதிக் குடுக்கற செக் ஷீட்ட பாக்கறேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மிச்சம் இப்போதான் தெரியுது."

தெரிந்துதான் என்னைக் கூட்டி வந்திருக்கிறார். அவர் என்னைத் திட்டவேண்டும் என்று இருந்தது. இல்லை, பரவாயில்லை என்று சொல்லவேண்டும் என்று இருந்தது. எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. அவர் இரண்டும் செய்யவில்லை. மேரி வீட்டுத் தெருவின் பக்கம் கையை நீட்டினார்.

"போ. போய் அவ கைல சொல்லு."

"அக்கா..."

"போ சுமதி. இன்னிக்கே போய்ச் சொல்லு."

எத்தனையோ கேள்வி கேட்டவர். ஒருத்தியையும் இதைச் செய், அதைச் செய் என்று சொல்லாதவர். எனக்கு அவர் இட்ட முதல் கட்டளை அதுதான். அவரை நான் பார்த்த கடைசி நாளும் அதுதான். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. ராஜினாமாக் கடிதத்தைத் தபாலில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

அவர் சொல்லி முடிக்கவும் தூரத்தில் பஸ் வந்தது. அக்கா நீட்டிய கையை இறக்கவே இல்லை. பஸ் நின்றதும் நான் ஏறிக்கொண்டேன்.